மூன்று பேர் சொல்ல மறுத்த வசனம்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் ஆளாளுக்கு என் காதுக்குள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "அண்ணே, பேய் பார்த்திருக்கிறீங்களா?"

இல்லை தம்பிமாரே. கொழும்புக் கொட்டாஞ்சேனையில், செத்தவரைக் கழுவி அடக்கத்துக்கு அனுப்புகிற இந்த மலர்ச்சாலையில் என் தலைமுடி முழுதும் நரைக்கும்வரை பிரேதங்களோடு இருந்திருக்கிறேன். ஒன்றுகூட எழும்பி என்னோடு கதைத்ததில்லை. கதைத்திருந்தால் நல்லது, பாதி வீட்டுச் சண்டை தீர்ந்திருக்கும். ஆனால் பெட்டியில் கிடத்தியிருந்த ஒருவரின் குரலை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவரின் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். பட்டப்பகலில். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கழுவுவது, எம்பாம் செய்வது, தாடையைக் கட்டுவது, கன்னத்துக்குப் பஞ்சு வைப்பது எல்லாம் கை பழகப் பழக வரும். அதற்கு நான் எதற்கு? வராத ஒன்று இருக்கிறது. சனம் உங்களிடம் வந்து ஒன்றைக் கேட்கும்போது என்ன மறுமொழி சொல்வது என்பது. அதற்கு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் பிரேதத்தைக் கழுவுகிறவனிடம் யாரும் தங்கள் வம்சத்தை மறைக்க முடியாது. சிங்களப் பேர் வைத்த பெரிய மனுஷரின் காதில் அடைபட்டுப்போன கடுக்கன் துளை இருக்கும். கவுண் போட்ட பரங்கி வீட்டு அம்மாவின் இடுப்பில் கறுப்பு நூலில் ஓர் அம்மன் தகடு கட்டியிருக்கும். "நாங்கள் சுத்தத் தமிழர்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிற வீட்டுக்கு மலையாளத்தில் அழுதுகொண்டு ஒரு மாமி வருவா. என் அப்பாவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்குக் கப்பலில் வந்தவர். அவருக்கு முன் செட்டிமார், பரதர், அவர்களுக்கு முன் யாரோ. எல்லாருமே கடலால் வந்து இறங்கினவர்களின் பிள்ளைகள்தான். யார் முதலில் இறங்கினது என்பதில்தான் இத்தனை அடிபிடி.

இந்த நாட்டின் குணம் என்ன என்று என்னைக் கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். வந்த வழியை மறைக்கிற குணம். மறைத்து மறைத்துக் கடைசியில் பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விடுகிறது. தெரியாத பிள்ளைகள் வளர்ந்து துவக்குத் தூக்குகிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வருவதற்குள் எங்கள் பிரேத வண்டியை எத்தனையோ இடத்தில் இராணுவத்தார் மறித்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்து காட்டுவோம். உள்ளே கிடப்பவரிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். அந்தக் காலத்தில்தான் அந்தோனி என்கிற ஒரு பெரியவரின் பிரேதம் எங்களிடம் வந்தது.

புறக்கோட்டையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். வீடு இரத்மலானையில். அங்கே மலர்ச்சாலைகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் இங்கே பக்கத்தில் கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோவிலுக்கு வருகிறவராம், தன்னை இங்கேதான் வைக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாராம். பிறந்த ஊர் நீர்கொழும்புக்கு வடக்கே கடற்கரைக் கிராமம். அந்தப் பக்கத்துச் சனத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிங்களவர் என்றுதான் தங்களைச் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. பள்ளிக்கூடம் சிங்களம், பூசை சிங்களம். ஆனால் வயதானவர்கள் வள்ளத்தில் ஏசுவதும் செத்த வீட்டில் அழுவதும் தமிழில்தான். எப்போதோ தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை இல்லை.

அந்தோனி வீட்டிலும் இல்லை. மனைவி முன்னமே போய்விட்டா. ஒரே மகன் ரொஷான், இராணுவத்தில் கப்டன். வடக்கில் இருந்தவர் கொழும்புக்கு மாற்றலாகி வந்திருந்த நேரம் தகப்பனுக்குப் பக்கவாதம் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்க வேண்டிய பின்னேரம். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மண்டபம் நிறையச் சீருடைகள். கப்டனின் கூட்டாளிகள் வரிசையாக நின்றார்கள். பெட்டியைக் கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பதற்காகப் பின் அறைக்குக் கொண்டுபோயிருந்தேன். அப்போது கப்டன் உள்ளே வந்தார். முழுச் சீருடை, பளபளக்கிற சப்பாத்து. என்னோடு நின்ற இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்த்தது.

நாங்கள் பேசினதெல்லாம் சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். 'அய்யே' என்றால் சிங்களத்தில் அண்ணன்.

"அய்யே, நீங்க தமிழ்தானே?"

"ஓம் சேர்."

"பயப்பட வேண்டாம். எனக்கு ஒரு உதவி வேணும். அப்பாவுக்கு வருத்தம் வந்த பிறகு சிங்களம் போயிட்டுது. ஒரு சொல்லும் வரேல்ல. தமிழில மட்டும்தான் கதைச்சார். அவருக்குத் தமிழ் தெரியும் எண்டே எனக்குத் தெரியாது அய்யே. ஒரே வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார், என்னைப் பார்த்து. சாகிற அண்டைக்கும் அதுதான்."

"என்ன வசனம் சேர்?"

தான் யார் யாரிடம் கேட்டார் என்பதைத்தான் முதலில் சொன்னார். ஆஸ்பத்திரியில் கட்டில் விரிக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆளிடம் கேட்டிருக்கிறார். "விளங்கேல்ல சேர்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வேறு வார்ட்டுக்கு ஓடிவிட்டானாம். சாகுமுன் எண்ணெய்ப் பூசுதல் கொடுக்க வந்த கோவில் சுவாமியாரிடம் கேட்டிருக்கிறார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர். "ஜெபம்தான் மகன், கை கூப்பியிருக்கிறார் பார்த்தீங்கதானே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கடைசியாகத் தகப்பனின் அக்கா பிலோமினாவிடம் கேட்டிருக்கிறார். அவ ஊரிலிருந்து வந்து கட்டிலருகே இருந்தவ. "எனக்குத் தமிழ் மறந்துபோச்சு மகன்" என்று சிங்களத்தில் சொன்னாவாம். அப்படிச் சொன்னவதான் மண்டபத்தில் அவ்வளவு நேரமும் தமிழில் முணுமுணுத்து அழுதுகொண்டிருந்தா.

"ஒருத்தரும் சொல்லமாட்டாங்களாம். ஜெபம் சொல்லுற ஆளின்ட கண் அப்பிடி இராது அய்யே. அதில 'தமிழன்' எண்ட ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபடுது. அப்பா, தான் தமிழன் எண்டு எனக்குச் சொல்லிட்டுப் போனாரா? அதைத் தெரியாம நான் பெட்டியை மூட விடமாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுப் பெட்டியின் கால்மாட்டில் நிமிர்ந்து நின்றார். கண்ணை மூடினார். நான் அந்த அறையில் எத்தனையோ பார்த்தவன். ஆனால் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அவருடைய வாயின் ஒரு பக்கம் தொங்கியது. தோள் கூனியது. இரண்டு கையும் மெல்ல எழும்பி நெஞ்சுக்கு முன்னால் கூப்பின. ஒரு கிழவரின் நடுங்குகிற, குழறுகிற குரல் வெளியே வந்தது. தான் சொல்வது என்னவென்று ஒரு மண்ணும் தெரியாத வாய், ஓர் எழுத்துப் பிசகாமல் நல்ல கடற்கரைத் தமிழ் பேசியது.

"ஐயா, அடிக்காதீங்க ஐயா. நான் தமிழன் இல்ல ஐயா. சின்னப் புள்ள ஊட்டுல தனிய இருக்கு. என்னய விட்டுருங்க ஐயா."

நான் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் பெட்டிக்குள்தான் பார்த்தேன். நானே கட்டிய தாடை, கட்டினபடி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

கப்டன் கண்ணைத் திறந்தார். மறுபடியும் கப்டன்தான். "சொல்லுங்க" என்றார்.

எனக்கு முன் அந்த மூன்று பேரும் ஏன் ஓடினார்கள் என்று அப்போது விளங்கியது. "கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு வாறேன் சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஞ்சு என் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது.

மண்டபத்தில் ஒரு அதிகாரி என்னை மறித்தார். "என்ன சுணக்கம்? உள்ளே என்ன நடக்குது?" அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். பேரைப் பார்த்தார், விலாசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெதியா முடி" என்று திருப்பித் தந்தார்.

நேரே பிலோமினா அம்மாவிடம் போய்ப் பக்கத்தில் குந்தினேன். மெல்லத் தமிழில் கேட்டேன். "அம்மா, அவர் சொன்னது உங்களுக்கு விளங்கினதுதானே?"

அவ என்னைப் பார்த்த பார்வை! களவு பிடிபட்ட ஆளைப்போலத் திடுக்கிட்டுப் போனா. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னா.

"வெளங்காம? அது அவன் முந்திச் சொன்னது மகன். தமிழ்ச் சனத்த அடிச்சுக் கொன்ன கலவர நேரம். பொஞ்சாதி ஆஸ்பத்திரியில, புள்ளயத் தனிய உட்டுட்டுக் கடைக்குப் போன தம்பி, ஊட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். வெள்ளவத்தப் பாலத்தடியில புடிச்சிட்டானுகள். சீருடை போட்ட ஒருத்தனும் நிண்டானாம். சிங்களத்துல சொல்லியிருந்தா உட்டுருப்பானுகள். பயத்துல அவன் வாயில எங்கட பாஷ வந்துட்டு. தமிழன் இல்ல எண்டு தமிழ்லயே கெஞ்சியிருக்கான், பாவி. லொறிக்காரச் சிங்கள ஆள் ஒருத்தன் 'இது என்ட சொந்தக்காரன்' எண்டு இழுத்துக்கொண்டு போனபடியாத் தப்பினான். அண்டையோட ஊட்டுல தமிழ் நிண்டது. என்னோடயும் கதைக்க மாட்டான்."

"அந்தச் சின்னப் பிள்ளை?"

"இந்தா உள்ள நிக்கிறானே, அவன்தான்." என் கையை இறுக்கிப் பிடித்தா. "சொல்ல வாணாம் மகன். தகப்பன் தன்னப் பாத்துப் பயந்து செத்தான் எண்டு ஒரு புள்ளைக்குத் தெரியலாமா? சொல்ல வாணாம்."

தம்பிமாரே, நம்முடைய தொழிலே பாதி பொய்தான். வலியில் கோணின முகத்தை நித்திரை முகமாக்குகிறோம். வெளிறின கன்னத்தில் சிவப்புப் பூசுகிறோம். "அம்மா சிரிக்கிறா பாருங்கோ" என்று நாமே சொல்லியும் கொடுக்கிறோம். அதெல்லாம் பாவமில்லை, செய்யுங்கள். அன்றைக்கு எனக்கும் ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும் மகனே எண்டு சொன்னார் சேர்." எவ்வளவு லேசு! உயிருக்கும் பாதுகாப்பு, வேலைக்கும் பாதுகாப்பு. கெதியாகப் பெட்டியையும் தூக்கலாம்.

அந்தப் பொய்யோடுதான் உள்ளே போனேன். கப்டன் நின்ற இடத்திலேயே நின்றார். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

"இன்னொண்டும் இருக்கு அய்யே. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நான் சிவில் உடுப்பில போன நாள் அப்பா என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு பேசாம இருப்பார். யூனிபோர்மோட நேரா டியூட்டியால போன நாளிலதான் அப்பிடிக் கும்பிடுவார். அதோட..." பெட்டிக்குள் பார்த்தார். "அந்தச் சத்தம் எனக்குப் புதுசு இல்ல. வடக்கில செக்பொயிண்டில நிண்டபோது கேட்டிருக்கிறேன். வயசான ஆக்கள், இதே மாதிரிக் கையை வைச்சுக்கொண்டு, இதே இழுவையில. எங்களுக்கு அவையள் சொல்லுறது ஒண்டும் விளங்காது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சிரிப்போம். அதே சத்தம் அப்பாவின்ட வாயால ஏன் வந்தது?"

என் பொய் அங்கேயே செத்தது. அவர் என்னிடம் செய்தி கேட்கவில்லை. பாதி தெரிந்ததோடு தனியே நிற்க முடியாமல் மீதியைக் கேட்டார். நான் பொய் சொன்னால் என்ன நடக்கும்? திரும்பி வடக்குக்குப் போவார். இன்னொரு கிழவர் கை கூப்புவார். கடவுள் காப்பாற்றட்டும் என்று தன்னை வாழ்த்துவதாக இவர் நினைத்துக்கொண்டு நிற்பார்.

ஆகவே சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், சிங்களத்தில் சொன்னேன். வெள்ளவத்தைப் பாலத்தையும் சொன்னேன். லொறிக்காரனையும் சொன்னேன். "தான் தமிழன் எண்டு சொல்லேல்ல சேர். இல்லை எண்டுதான் சொன்னார். உங்களை உங்கட அப்பாவுக்கு அடையாளம் தெரியேல்ல. அந்த உடுப்பைத்தான் தெரிஞ்சுது. வீட்டில தனிய இருந்த பிள்ளை நீங்கதான். உங்களிட்டத்தான் உங்களுக்காகக் கெஞ்சியிருக்கிறார்."

அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தன் சட்டைக் கையைத் தானே தொட்டுப் பார்த்தார், யாருடையதோ என்பதுபோல. வெளியே கதவைத் தட்டினார்கள். அவர் அசையவில்லை. எனக்கு, தெய்வமே, அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அங்கிருந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு கேட்டார். "அப்பிடிக் கேட்கிற ஆளுக்கு என்ன மறுமொழி சொல்லோணும்?"

"சேர்?"

"தமிழில. மறிச்சு வைச்சிருக்கிற ஆளுக்கு. அந்த ஆளுக்கு என்ன கேட்க விருப்பமா இருக்கும்?"

நான் யோசிக்கவே இல்லை. நானும் எத்தனை தரம் அந்த வரிசையில் நின்றவன்! எந்த வசனத்துக்காகக் காத்து நின்றேன் என்று எனக்குத் தெரியாதா? சொல்லிக்கொடுத்தேன். அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. திரும்பச் சொல்லிக்கொடுத்தேன்.

பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். உங்களுக்குத் தெரியும், கத்தோலிக்கருக்கு மூடியை வைக்குமுன் வீட்டார் வந்து நெற்றியில் கடைசி முத்தம் கொடுக்கிற வழக்கம். அந்த நேரம் நாம் மூடியைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நிற்போம். நான் நின்றேன். பிலோமினா அம்மா முத்தம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவவுக்கு விளங்கிவிட்டது.

பிறகு மகன் வந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற அதிகாரியின் கையில் கொடுத்தார். என்னுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த அதே அதிகாரி. சீருடைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உரிந்து அதையும் அவரிடமே கொடுத்தார். உள் பெனியனோடு, அத்தனை பேருக்கும் முன்னால், தகப்பனின் காதடியில் குனிந்தார். அவர் மெல்லச் சொல்லவில்லை. பின்வரிசைவரைக்கும் கேட்டது, கொச்சைத் தமிழில், இடறி இடறி.

"பயப்படாதீங்க. நீங்க போகலாம்."

பிலோமினா அம்மா "என்ட தம்பி!" என்று தமிழில் வாய்விட்டுக் கதறினா. அவவை ஒருத்தரும் தடுக்கவில்லை. கப்டன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மூடியை வைத்தேன்.

சில கிழமைகளில் அவரை மறுபடியும் வடக்குக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் சொல்லிக்கொடுத்த அந்த வசனத்தை அங்கே உயிரோடு கை கூப்பி நின்ற யாருக்காவது அவர் சொன்னாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.